ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்: ஜாவா வெப் அப்ளிகேஷனில் ரீலோடும் காஸ்ட் எர்ரரும்

ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்த எர்ரரில் முட்டிக்கொள்வார்கள்: "காம்.கடை.கஸ்டமர் என்பதை காம்.கடை.கஸ்டமர் ஆக காஸ்ட் செய்ய முடியாது." இரண்டு பக்கமும் ஒரே பெயர். எழுத்துப்பிழை இல்லை, பேக்கேஜ் மாறவில்லை, ப்ராஜெக்ட் முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயரில் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கிறது.

பக்கத்து சீட்டில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கிளீன் பில்ட் போடு, டாம்கேட்டின் (நம் அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர்) வொர்க் ஃபோல்டரை அழி, பிரவுசரில் குக்கியை அழி, ஒன்றும் முடியாவிட்டால் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணு. ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனாலேயே யாரும் காரணத்தைத் தேடுவதில்லை, இது டாம்கேட்டின் கோளாறு என்ற பேச்சும் அப்படியே நிலைத்துவிட்டது.

டாம்கேட் மேல் தப்பில்லை, ஜாவா சொல்வதும் பொய்யில்லை. மெமரிக்குள் அந்த நேரத்தில் கஸ்டமர் என்ற பெயரில் உண்மையிலேயே இரண்டு தனித்தனி கிளாஸ்கள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன, யார் கொண்டுவந்தது என்று கேட்கப் பழகிவிட்டால் இந்த எர்ரரைத் தீர்ப்பது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை.

## காஸ்ட் என்பது மாற்றுவது இல்லை

முதலில் ஒரு அடிப்படையான குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காஸ்ட் என்றால் ஒரு ஆப்ஜெக்டை வேறொன்றாக மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். எண்களின் விஷயத்தில் அது ஓரளவு சரி, ஆப்ஜெக்ட்களுக்குப் பொருந்தாது. ஆப்ஜெக்டைக் காஸ்ட் செய்வது ஒரு கேள்வி கேட்பது மட்டுமே: "நீ இந்த வகையைச் சேர்ந்தவனா?" ஆம் என்றால் அதே ஆப்ஜெக்ட் அப்படியே, ஒரு பைட்கூட மாறாமல், அடுத்த வரிக்குப் போகும். இல்லை என்றால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வரும்.

பதிலை ஜாவா எங்கிருந்து எடுக்கிறது? மெமரியில் இருக்கிற ஒவ்வொரு ஆப்ஜெக்டின் தலைப்பகுதியிலும் "நான் இந்த கிளாஸிலிருந்து உருவானவன்" என்று ஒரு சுட்டி இருக்கும். அது ஒரு பெயர் இல்லை, மெமரியில் உள்ள கிளாஸ் ஒன்றைக் காட்டும் சுட்டி. காஸ்ட் நடக்கும்போது ஜேவிஎம், அதாவது நம் ஜாவா நிரலை ஓட்டுகிற இயந்திரம், அந்தச் சுட்டி காட்டும் கிளாஸையும் அதன் மூதாதைகளையும் பார்த்து, கேட்கப்பட்ட கிளாஸ் அங்கே இருக்கிறதா என்று சோதிக்கும். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் வேலையே இதில் கிடையாது. அதனால்தான் பெயர் ஒன்றாக இருந்தும் காஸ்ட் தோற்க முடிகிறது.

## பெயரும் இனிஷியலும்

ஒரு ஆபீஸில் இரண்டு முருகன் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் க. முருகன், இன்னொருவர் செ. முருகன். இனிஷியலோடு சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் அக்கவுன்ட்ஸில் இருந்து வரும் தாளில் இனிஷியலை விட்டுவிட்டு "முருகனின் சம்பளத்தை முருகனுக்குக் கொடுக்க முடியாது" என்று அச்சடித்து வந்தால் படிப்பவருக்குத் தலை சுற்றும். அக்கவுன்ட்ஸ் செய்தது சரிதான். அச்சில் இனிஷியல் விட்டுப்போனதுதான் குறை.

ஜாவாவில் அந்த இனிஷியலின் வேலையைச் செய்வது கிளாஸ்லோடர். நாம் கம்பைல் செய்த கிளாஸ் ஃபைல் டிஸ்கில் வெறும் பைட்களாகக் கிடக்கும். அதைப் படித்து மெமரியில் ஒரு உயிருள்ள கிளாஸாக உருவாக்கித் தரும் ஆப்ஜெக்டுக்குப் பெயர்தான் கிளாஸ்லோடர். சுருக்கமாக லோடர் என்றே சொல்லிக்கொள்வோம். ஒரு ஜேவிஎம்முக்குள் ஒன்றல்ல, பல லோடர்கள் இருக்கலாம். ஜேவிஎம்மின் விதி இது: ஒரு கிளாஸின் அடையாளம் அதன் முழுப்பெயர், கூடவே அதை உருவாக்கிய லோடர். இரண்டும் சேர்ந்துதான் அடையாளம்.

ஆகவே ஒரே கிளாஸ் ஃபைலை, ஒரு எழுத்துகூட மாறாத அதே ஃபைலை, இரண்டு லோடர்கள் தனித்தனியாகப் படித்தால் மெமரியில் இரண்டு கிளாஸ்கள் உருவாகும். ஒன்றில் உருவான ஆப்ஜெக்டை இன்னொன்றாகக் காஸ்ட் செய்ய முடியாது. ஸ்டாட்டிக் மாறிகளும் இரண்டு செட்டாக இருக்கும். "சிங்கிள்டன்" (ஒன்றே ஒன்றுதான் இருக்கும்) என்று நம்பி எழுதிய ஒன்று இரண்டாக இருக்கும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு: காஸ்ட் என்பது கிளாஸின் அடையாளத்தைச் சோதிப்பது, அந்த அடையாளம் பெயரும் லோடரும் சேர்ந்தது.

## ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

இந்த விதி வீம்புக்கு வைத்தது இல்லை. 1997-ல் விஜய் சரஸ்வத் என்ற ஆய்வாளர், அன்றைய ஜாவாவில் இரண்டு லோடர்களை வைத்து ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்களை உருவாக்கி ஜேவிஎம்மை ஏமாற்ற முடியும் என்று காட்டினார். அதை ஒட்டி, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷெங் லியாங், கிலாட் பிராக்கா இருவரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, லோடர்களுக்கு இடையே வகைகள் குழம்பாமல் இருக்க என்ன கட்டுப்பாடு வேண்டும் என்பதைத் தெளிவாக வகுத்தது.

ஆபத்து என்னவென்றால், பழைய கஸ்டமரில் முதல் ஃபீல்டு ஒரு எண், புதிய கஸ்டமரில் அதே இடத்தில் ஒரு ஸ்ட்ரிங்குக்கான சுட்டி இருக்கிறது என்று வையுங்கள். பெயர் ஒன்றுதானே என்று ஜேவிஎம் பழைய ஆப்ஜெக்டைப் புதிய கிளாஸாக ஏற்றுக்கொண்டால், 5042 என்ற எண்ணை மெமரி முகவரியாக எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத இடத்தைப் போய்ப் படிக்கும். சி மொழியில் இப்படித்தான் நிரல்கள் நிலைகுலைகின்றன, ஊடுருவல்களும் நடக்கின்றன. ஜாவா அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. இந்த எர்ரர் எரிச்சலூட்டும் என்பது உண்மைதான், ஆனால் அது இல்லாத ஜாவாவில் நம் டேட்டா எந்த நேரத்தில் எப்படிக் கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

## டாம்கேட்டுக்குள் யார் யார் லோடர்?

சாதாரண ஜாவா நிரலில் நாம் எழுதிய கிளாஸ்கள் எல்லாவற்றையும் ஒரே லோடர்தான் எடுத்துத் தரும். அதற்கு "ஆப்" லோடர் என்று பெயர். அதனால் அங்கே இந்தப் பிரச்சினை அபூர்வம். வெப் சர்வரில் கதை வேறு.

ஒரே டாம்கேட்டில் இரண்டு அப்ளிகேஷன் ஓடலாம். ஒன்றுக்கு ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். ஒன்றின் கிளாஸ் இன்னொன்றின் கண்ணில் படக்கூடாது. அதனால் டாம்கேட் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி லோடர் ஒன்றைக் கொடுக்கிறது. அது அந்த அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டரில் உள்ள கிளாஸஸ், லிப் என்ற இரண்டு உள்ஃபோல்டர்களிலிருந்து கிளாஸ்களை எடுக்கும். எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவாக, டாம்கேட்டின் சொந்த லிப் ஃபோல்டரிலிருந்து எடுக்கும் காமன் லோடர் மேலே இருக்கிறது. அதற்கும் மேலே ஜாவாவின் சொந்த கிளாஸ்களைத் தரும் லோடர்கள்.

லோடர்களுக்குள் வழக்கமான ஒரு மரியாதை உண்டு: ஒரு கிளாஸ் வேண்டும் என்று கேட்டால் முதலில் மேலே உள்ள லோடரிடம் கேட்கும், அங்கே இல்லை என்றால்தான் தானே தேடும். வெப் அப்ளிகேஷன் லோடர் இதற்கு நேர் எதிர். ஜாவாவின் சொந்த கிளாஸ்கள், சர்வ்லெட் ஏபிஐ (வெப் ரிக்வெஸ்டைக் கையாளும் கிளாஸ்களுக்கான பொது வரையறை) போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் தன் ஃபோல்டரில் தேடிவிட்டு, கிடைக்காவிட்டால்தான் மேலே போகும். அப்ளிகேஷன் தன்னோடு கொண்டுவந்த பதிப்பே ஜெயிக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே ஜார் ஃபைல் (பல கிளாஸ்களைக் கட்டி வைத்த பொதி) டாம்கேட்டின் லிப்பிலும் அப்ளிகேஷனின் லிப்பிலும் இருந்தால் இரண்டு கிளாஸ்கள் உருவாக வழி திறப்பதும் இதே ஏற்பாடுதான்.

## ரீலோட் ஆகும்போது உண்மையில் நடப்பது

"கிளாஸ் ரீலோட்" என்ற சொல்லே நம்மைத் தப்பாக யோசிக்க வைக்கிறது. பழைய கிளாஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பதாகத் தோன்றும். ஜேவிஎம்மில் அப்படி ஒரு சாதாரண கிளாஸை மட்டும் தனியாக இறக்கிவிட வழியே இல்லை. ஒரு லோடர் மொத்தமாகக் குப்பைக்குப் போனால்தான் அது உருவாக்கிய கிளாஸ்கள் போகும். ஆகவே டாம்கேட் செய்வது இது: அப்ளிகேஷனை நிறுத்துகிறது, அதன் லோடரைக் கைவிடுகிறது, புத்தம் புதிய லோடர் ஒன்றை உருவாக்கி எல்லா கிளாஸ்களையும் முதலிலிருந்து ஏற்றுகிறது. டெவலப்மென்டில் ரீலோடபிள் என்ற அமைப்பை ஆன் செய்து வைத்திருந்தால், இயல்பாக 10 விநாடிக்கு ஒருமுறை ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்து இதைத் தானாகவே செய்யும்.

ஐடிஇயில் டீபக் செய்யும்போது கிடைக்கும் ஹாட்ஸ்வாப் வேறு விஷயம். ஜாவா 1.4-ல் வந்த அந்த வசதி, ஏற்கெனவே இருக்கிற கிளாஸில் மெத்தடின் உடலை மட்டும் மாற்றுகிறது. லோடர் மாறாது, அடையாளமும் மாறாது. அதனால்தான் புதிதாக ஒரு மெத்தடோ ஃபீல்டோ சேர்த்தால் முடியாது என்று சொல்லிவிடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது எர்ரர் பிறக்கும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடை என்று ஒரு அப்ளிகேஷன். கேஷ் லைப்ரரி ஒன்றை எல்லா அப்ளிகேஷனும் பயன்படுத்தட்டும் என்று யாரோ டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு ஸ்டாட்டிக் மேப். கடை அப்ளிகேஷனின் லோடரை "அ" என்று வைப்போம். லாகின் நடக்கிறது, 101 என்ற எண்ணுக்கு ஒரு கஸ்டமர் ஆப்ஜெக்ட் உருவாகி மேப்புக்குள் போகிறது. அந்த ஆப்ஜெக்டின் சுட்டி "அ" உருவாக்கிய கஸ்டமரைக் காட்டுகிறது. நீங்கள் எங்கேயோ ஒரு ரிப்போர்ட் கிளாஸில் ஒரு வரி மாற்றி சேவ் செய்கிறீர்கள். டாம்கேட் அதைக் கவனித்து "அ"வைக் கைவிட்டு "ஆ" என்ற லோடரை உருவாக்குகிறது. ஆனால் மேப் இருப்பது காமன் லோடரின் கிளாஸில். அதை யாரும் தொடவில்லை, உள்ளே 101 அப்படியே இருக்கிறது. அடுத்த ரிக்வெஸ்ட் வருகிறது. புதிய நிரல் 101-ஐ எடுத்து கஸ்டமர் ஆகக் காஸ்ட் செய்கிறது. நிரல் கேட்பது "ஆ"வின் கஸ்டமரை, கைக்கு வருவது "அ"வின் கஸ்டமர். எக்ஸெப்ஷன்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கத் தக்கவை. நீங்கள் மாற்றியது ரிப்போர்ட் கிளாஸை, கஸ்டமரைத் தொடவே இல்லை. ஆனாலும் லோடர் மொத்தமாக மாறியதால் கஸ்டமரும் புதியது. "அந்த ஃபைலை நான் மாத்தவே இல்லையே" என்று டீமில் யாராவது சொன்னால் அவர் சொல்வது உண்மை, அது காரணத்தை விலக்காது என்பதும் உண்மை. இரண்டாவது, எர்ரரோடு வரும் அழைப்புப் பட்டியலான ஸ்டாக் ட்ரேஸ் காட்டும் வரி குற்றமற்றது. குற்றம், பழைய ஆப்ஜெக்டை ரீலோடுக்கு அப்பாலும் பிடித்து வைத்திருந்த இடத்தில். அந்த இடம் ஸ்டாக் ட்ரேஸில் வரவே வராது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும்: மேப்பும் சேர்ந்து அழிகிறது.

ஜேஎஸ்பி பக்கங்களிலும் (எச்டிஎம்எல்லுக்குள் ஜாவா எழுதும் பக்கங்கள்) இதன் சின்ன வடிவம் உண்டு. டாம்கேட் ஒவ்வொரு ஜேஎஸ்பிக்கும் தனியாக ஒரு லோடர் வைக்கிறது, அப்போதுதான் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய முடியும். ஜேஎஸ்பிக்குள்ளேயே ஒரு கிளாஸை எழுதி அதன் ஆப்ஜெக்டை செஷனில், அதாவது ஒரு பயனருக்காக சர்வர் நினைவில் வைக்கும் இடத்தில், வைத்திருந்தால், பக்கத்தைத் திருத்திய உடனே காஸ்ட் தோற்கும். ஜேஎஸ்பிக்குள் கிளாஸ் எழுதாமல் இருப்பதே நல்லது.

## எல்லாப் பழியும் செஷன் மேல் வேண்டாம்

இந்த எர்ரர் வந்தாலே "செஷன்ல பழசு கிடக்குது" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. டாம்கேட்டில் செஷனைச் சேமிக்கும் வசதி ஆனாக இருந்தால், அப்ளிகேஷன் நிற்கும்போது செஷனில் உள்ளவற்றைப் பைட்களாக எழுதி வைத்து, திரும்ப எழும்போது புதிய லோடரைக் கொண்டு படிக்கிறது. இப்படி ஆப்ஜெக்டைப் பைட்களாக்குவதற்கு சீரியலைசேஷன் என்று பெயர். படிக்கும்போது உருவாவது "ஆ"வின் கஸ்டமர்தான், ஆகவே காஸ்ட் சரியாகவே நடக்கும். கிளாஸின் அமைப்பு மாறியிருந்தால் வேறு எர்ரர் வரும், இன்வேலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன். சீரியலைசபிள் என்று அறிவிக்காத ஆப்ஜெக்ட் செஷனிலிருந்து காணாமல் போகும்.

அதாவது பைட்களாகப் போய் வருகிறவை, சரியான லோடரால் படிக்கப்பட்டால், தப்பிக்கின்றன. உயிரோடு மெமரியில் பிடித்து வைக்கப்பட்டவைதான் மாட்டுகின்றன.

## ஸ்பிரிங் பூட் டெவ்டூல்ஸ்: இன்று அதிகம் பார்ப்பது இதைத்தான்

இப்போது பலர் தனி டாம்கேட்டில் டிப்ளாய் செய்வதில்லை, ஸ்பிரிங் பூட்டில் டெவ்டூல்ஸ் சேர்த்து வேலை செய்கிறார்கள். சேவ் செய்ததும் சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும் அந்த வசதி, இரண்டு லோடர்களின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மாறாத ஜார் ஃபைல்களுக்கு ஒரு அடிப்படை லோடர். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கிளாஸ்களுக்கு ரீஸ்டார்ட்கிளாஸ்லோடர். ரீஸ்டார்ட் என்றால் இரண்டாவதை மட்டும் தூக்கிப் போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவது. ஸ்பிரிங், ஹைபர்னேட் போன்ற கனமான லைப்ரரிகளை மறுபடி ஏற்ற வேண்டாம் என்பதால் வேகம்.

இங்கே பொறி எங்கே என்றால், அடிப்படை லோடருக்கும் உங்கள் கிளாஸ் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர் தெரியும். ஏனென்றால் அது சாதாரணமான "ஆப்" லோடர், முழு கிளாஸ்பாத்தும் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அதன் கையில். யாராவது அதனிடம் நேராகப் போய் கஸ்டமர் வேண்டும் என்று கேட்டால், அது தயங்காமல் இன்னொரு கஸ்டமரை உருவாக்கிக் கொடுத்துவிடும்.

அப்படிக் கேட்பவர் யார்? பெரும்பாலும் ஜார் ஃபைலுக்குள் இருக்கும் லைப்ரரி. ரெடிஸில் (டேட்டாவை வெளியே சேமிக்கும் தனி சர்வர்) ஜாவா சீரியலைசேஷன் மூலம் ஆப்ஜெக்டைப் போட்டு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். படித்துத் தரும் வேலையைச் செய்வது லைப்ரரியின் நிரல், அதன் லோடர் அடிப்படை லோடர். எந்த லோடரைப் பயன்படுத்த வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தனக்குத் தெரிந்த லோடரிடம் கஸ்டமரைக் கேட்கும். கையில் வருவது "ஆப்" லோடரின் கஸ்டமர், நம் நிரல் எதிர்பார்ப்பது ரீஸ்டார்ட்கிளாஸ்லோடரின் கஸ்டமர். இங்கே பழைய ஆப்ஜெக்ட் எதுவுமே இல்லை, முதல் தடவை ஓட்டும்போதே எர்ரர் வரலாம். ப்ரொடக்ஷனில் டெவ்டூல்ஸ் இருக்காது என்பதால் அங்கே வரவே வராது. "என் மெஷின்ல மட்டும் ஏன் வருது" என்ற கேள்விக்குப் பல இடங்களில் இதுதான் பதில்.

தீர்வும் கஷ்டமில்லை. ரெடிஸ் சீரியலைசரை உருவாக்கும் இடத்தில் சரியான லோடரைக் கையோடு கொடுத்துவிடலாம். அல்லது ஜேசனாகச் சேமிக்கலாம், அப்போதும் அதற்குக் கொடுக்கும் கிளாஸ் உங்கள் நிரலிலிருந்து வந்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த ப்ராஜெக்டின் ஜார் ஒன்று தப்பான பக்கம் மாட்டிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங்-டெவ்டூல்ஸ் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் அதை ரீஸ்டார்ட் பக்கம் சேர்க்கச் சொல்லி எழுதலாம். அவசரத்துக்கு டெவ்டூல்ஸின் ரீஸ்டார்ட்டை ஆஃப் செய்து பாருங்கள். எர்ரர் மறைந்தால் காரணம் இங்கேதான் என்பது உறுதி.

## ரீலோடே இல்லாமல் வருவது

சர்வர் இப்போதுதான் எழுந்தது, எதையும் மாற்றவில்லை, ஆனாலும் அதே எர்ரர். அப்படியென்றால் ஒரே ஜார் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாபேஸ் டிரைவர் இதற்குப் பழைய உதாரணம். கனெக்ஷன் பூலை (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) டாம்கேட்டே நிர்வகிக்கட்டும் என்று டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப்பில் வைக்கிறார்கள். அப்ளிகேஷனை பில்ட் செய்யும்போது பில்ட் டூலான மேவன் அதே டிரைவரை வெப்-இன்ஃபின் லிப்பிலும் சேர்த்துவிடுகிறது. கனெக்ஷனை ஜாவாவின் பொதுவான கனெக்ஷன் இன்டர்ஃபேஸாகப் பயன்படுத்தும்வரை ஒன்றும் தெரியாது, அந்த இன்டர்ஃபேஸ் ஜாவாவோடு வருவது, எல்லோருக்கும் ஒன்றே. ஆரக்கிளுக்கே உரிய ஒரு வசதிக்காக ஆரக்கிள்கனெக்ஷனாகக் காஸ்ட் செய்யும் நாளில் உடையும். இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பூல் கொடுப்பது பல நேரம் அசல் கனெக்ஷனே இல்லை, அதைச் சுற்றிய ஒரு உறை. அப்போது எர்ரரில் இரண்டு பெயர்களும் வேறாக இருக்கும், அது லோடர் பிரச்சினை இல்லை. அன்ராப் என்ற மெத்தடை அழைத்து அசலை எடுக்க வேண்டும்.

சர்வ்லெட் ஏபிஐ ஜாரை அப்ளிகேஷனுக்குள் வைக்கக்கூடாது என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். டாம்கேட் உங்கள் சர்வ்லெட்டை உருவாக்கி, அதைத் தனக்குத் தெரிந்த சர்வ்லெட் இன்டர்ஃபேஸாகக் காஸ்ட் செய்கிறது. உங்கள் கிளாஸ் வேறு லோடரிலிருந்து வந்தாலும் இது நடப்பதற்குக் காரணம், இன்டர்ஃபேஸ் மட்டும் மேலே உள்ள பொது லோடரில் ஒன்றே ஒன்றாக இருப்பது. அப்ளிகேஷன் தன் லிப்பில் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தாலும், டாம்கேட் அதிலுள்ள சர்வ்லெட் கிளாஸ்களை எடுக்காமல் தன் பிரதியையே பயன்படுத்தும். மேவனில் அந்த டிபென்டன்சிக்கு ப்ரொவைடட் என்று போடச் சொல்வது இதற்குத்தான்.

டாம்கேட் 10-ல் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. பழைய அப்ளிகேஷனை அங்கே போட்டால் "ஜகார்த்தா.சர்வ்லெட்.சர்வ்லெட் ஆகக் காஸ்ட் செய்ய முடியாது" என்று வரலாம். இதுவும் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன்தான், ஆனால் பெயரே வேறு. லோடரைத் துருவ வேண்டாம், லைப்ரரியின் புதிய பதிப்புக்குப் போக வேண்டும்.

சுருக்கமாக: பெயர்கள் வேறு என்றால் நிரலையோ பதிப்பையோ பாருங்கள். பெயர்கள் ஒன்று என்றால் லோடரைப் பாருங்கள்.

## லோடரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாவா 8 வரை எர்ரரில் பெயர் மட்டும்தான் வரும், இனிஷியல் வராது. ஜாவா 11-ல் இருந்து செய்தியின் பின்பாதியில் அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு கிளாஸும் எந்த லோடரைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். நீளமாக இருக்கிறது என்று பலர் அதைப் படிக்காமலே விடுகிறார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பேரலல்வெப்ஆப்கிளாஸ்லோடர், ஆனால் அட் குறிக்குப் பின் வரும் எண் வேறு என்றால், ரீலோடுக்கு முந்தைய ஆப்ஜெக்ட் எங்கோ தங்கியிருக்கிறது, அல்லது இரண்டு அப்ளிகேஷன்கள் ஆப்ஜெக்ட்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு பக்கம் அது, மறுபக்கம் யூஆர்எல்கிளாஸ்லோடர் என்றால் டாம்கேட்டின் லிப்பில் ஒரு பிரதி இருக்கிறது. ஒரு பக்கம் ஆப், மறுபக்கம் ரீஸ்டார்ட்கிளாஸ்லோடர் என்றால் டெவ்டூல்ஸ். என்னைக் கேட்டால், இந்த மூன்றும் தெரிந்தாலே பெரும்பாலான இடங்களில் தேடவேண்டிய இடம் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

பழைய ஜாவாவில் இருந்தால் காஸ்டுக்கு முந்தைய வரியில் நீங்களே லாக் செய்யுங்கள். வந்த ஆப்ஜெக்டின் மேல் கெட்கிளாஸ், அதன்மேல் கெட்கிளாஸ்லோடர் அழைத்து அச்சிடுங்கள். எதிர்பார்க்கும் கஸ்டமர் கிளாஸுக்கும் அதையே செய்யுங்கள். டாம்கேட்டின் லோடர் தன்னை அச்சிடும்போது எந்த அப்ளிகேஷனுடையது என்பதையும் மேலே உள்ள லோடர் யார் என்பதையும் சேர்த்தே காட்டும். எந்த ஜாரிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமா, கெட்ப்ரொடெக்ஷன்டொமைன், கெட்கோட்சோர்ஸ், கெட்லொகேஷன் என்று வரிசையாக அழைத்தால் ஃபைலின் பாதையே கிடைக்கும். நிரலைத் தொட முடியாத இடம் என்றால் ஜாவாவை வெர்போஸ்:கிளாஸ் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள், ஏறும் ஒவ்வொரு கிளாஸும் எங்கிருந்து வந்தது என்று கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், ஃபைலில் பிடித்துக்கொண்டு கஸ்டமர் என்று தேடினால் போதும். இரண்டு முறை வந்திருந்தால் முடிந்தது.

எர்ரராக வெடிப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன். இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுச் சோதிக்கும் நிரலில் இதே நிலைமை சத்தமில்லாமல் "இல்லை" என்று பதில் தந்துவிட்டு வேறு பாதையில் போய்விடும். ஈக்குவல்ஸ் மெத்தடில் கிளாஸ்களை ஒப்பிட்டிருந்தால் ஒரே ஐடி உள்ள இரண்டு கஸ்டமர்கள் வேறு வேறு என்றாகும். ஈனம் (enum, குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் உள்ள வகை) மதிப்புகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் "ஆக்டிவ்" என்பதும் "ஆக்டிவ்" என்பதும் சமமில்லை என்று வரும். ரீலோடுக்குப் பின் லாஜிக் விசித்திரமாக நடந்தால், எக்ஸெப்ஷன் எதுவும் வராவிட்டாலும், லோடரைச் சந்தேகப்படுங்கள்.

## சரிசெய்வது

ஒரு ஜார் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எல்லா அப்ளிகேஷனும் பகிர வேண்டியது என்றால் டாம்கேட்டின் லிப்பில் மட்டும், இல்லையென்றால் அப்ளிகேஷனுக்குள் மட்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதே மேல். பகிர்வதால் மிச்சமாகும் மெமரியைவிட இந்தக் குழப்பத்தில் போகும் நேரம் அதிகம்.

அப்ளிகேஷனைவிட நீண்ட ஆயுள் உள்ள எதிலும், அது பொதுவான கேஷோ இன்னொரு அப்ளிகேஷனோ, உங்கள் சொந்த கிளாஸின் ஆப்ஜெக்டை வைக்காதீர்கள். ஸ்ட்ரிங், லாங் போன்ற ஜாவாவின் சொந்த வகைகளை வைக்கலாம், அவை எந்த லோடரிலிருந்து பார்த்தாலும் ஒன்றே. கஸ்டமருக்குப் பதில் 101 என்ற ஐடியை வைத்துவிட்டுத் தேவைப்படும்போது டேட்டாபேஸிலிருந்து எடுங்கள். ஆப்ஜெக்டையே பகிர்ந்தாக வேண்டும் என்றால் சர்வ்லெட் ஏபிஐ காட்டும் வழியைப் பின்பற்றலாம்: இன்டர்ஃபேஸை மட்டும் தனி ஜாராக மேலே வைத்து, அதை நிறைவேற்றும் கிளாஸை அப்ளிகேஷனுக்குள் வைப்பது. அப்போதும் காஸ்ட் இன்டர்ஃபேஸுக்குத்தான் செய்ய வேண்டும்.

நீங்களே லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் "இப்போது யாருக்காக வேலை செய்கிறேனோ அவரது லோடர் இது" என்று ஒன்றைக் கையில் வைத்திருக்கும். மேலே உள்ள ஜாருக்குக் கீழே உள்ள அப்ளிகேஷனின் கிளாஸ் வேண்டும் என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். இதிலும் ஒரு வலை உண்டு. பின்னணியில் வேலையை ஓட்டும் கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சருக்கு நாம் எக்ஸிக்யூட்டர் (வேலைக்கு த்ரெட்களைத் தருவது) கொடுக்காவிட்டால் வேலை ஜாவாவின் பொது த்ரெட் பூலுக்குப் போகும். ஜாவா 9-ல் இருந்து அந்த த்ரெட்களின் கான்டெக்ஸ்ட் லோடர் சிஸ்டம் லோடர்தான், உங்கள் அப்ளிகேஷனுடையது இல்லை. அதுவரை நன்றாக ஓடிய நிரல் கிளாஸ் கிடைக்கவில்லை என்று நிற்கும். சொந்த எக்ஸிக்யூட்டரைக் கொடுத்தால் தீர்ந்தது.

## காஸ்ட் எர்ரர் வராமலும் பழைய லோடர் தங்கலாம்

கடைசியாக, இதன் இன்னொரு முகம். ஒரு ஆப்ஜெக்ட் தன் கிளாஸைச் சுட்டுகிறது, கிளாஸ் தன் லோடரைச் சுட்டுகிறது, லோடர் தான் உருவாக்கிய எல்லா கிளாஸ்களையும் சுட்டுகிறது. ஆகவே பழைய அப்ளிகேஷனின் ஒரே ஒரு சின்ன ஆப்ஜெக்டை வெளியில் யாராவது பிடித்திருந்தால் போதும், பழைய அப்ளிகேஷனின் அத்தனை கிளாஸ்களும் மெமரியை விட்டுப் போகாது. ஒவ்வொரு ரீலோடிலும் ஒரு முழுப் பிரதி சேரும். முன்பு பெர்ம்ஜென் (கிளாஸ்களின் விவரங்களுக்கான மெமரிப் பகுதி) நிரம்பியது என்று வந்த அவுட்ஆஃப்மெமரிஎர்ரர், ஜாவா 8-ல் பெர்ம்ஜென் போன பிறகு மெட்டாஸ்பேஸ் என்ற பெயரில் வருகிறது. மெட்டாஸ்பேஸ் அளவைக் கூட்டினால் எர்ரர் தள்ளிப்போகும், அவ்வளவே.

பிடித்து வைப்பவர்கள் வழக்கமாக இவர்கள்: அப்ளிகேஷன் தொடங்கி நிறுத்தாமல் விட்ட த்ரெட் அல்லது டைமர், டிரைவர்மேனேஜரில் பதிவாகி நீக்கப்படாத டிரைவர், டாம்கேட்டின் த்ரெட்டில் த்ரெட்லோக்கல் (ஒரு த்ரெட்டுக்கென்றே வைக்கும் மாறி) மூலம் வைத்துவிட்டு எடுக்காத மதிப்பு. அப்ளிகேஷனை நிறுத்தும்போது டாம்கேட் இவற்றைக் கண்டால் மெமரி கசிவுக்கு வாய்ப்பு என்று பெயரோடு லாகில் எழுதுகிறது. அந்த வரிகளைக் கடந்து போகாதீர்கள், எதை மூட மறந்தோம் என்று அதிலேயே இருக்கும். சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனரில் கான்டெக்ஸ்ட்டெஸ்ட்ராய்ட் என்ற மெத்தட் இருப்பது இவற்றையெல்லாம் மூடுவதற்குத்தான்.

டாம்கேட் மேனேஜர் பக்கத்தில் ஃபைண்ட் லீக்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. நிறுத்திய பிறகும் மெமரியில் தங்கிய அப்ளிகேஷன்களைக் காட்டும். அது முழு கார்பேஜ் கலெக்ஷனை ஓட்டச் செய்யும் என்பதால், ஆட்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ப்ரொடக்ஷன் சர்வரில் அழுத்த வேண்டாம். அதில் உங்கள் அப்ளிகேஷன் வந்தால் ஹீப் டம்ப் (மெமரியில் உள்ள ஆப்ஜெக்ட்களின் நகல்) எடுத்து, பேரலல்வெப்ஆப்கிளாஸ்லோடர் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓடும் அப்ளிகேஷன்களைவிட அதிகம் இருந்தால், மிச்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை வேரிலிருந்து பிடித்திருப்பவர் யார் என்று டூலிடம் கேளுங்கள். வரும் பாதையில் நடுவில் எங்காவது உங்கள் நிரலின் பெயரோ நீங்கள் சேர்த்த லைப்ரரியின் பெயரோ இருக்கும், மூட வேண்டியது அங்கே.